நீல விளிம்பு

சாவு விழுந்த வீட்டில் கடிகாரம் ஓடக் கூடாது; ஊசலோ நிற்கவில்லை. ஸெனோன் இரண்டாம் முறையும் அதை விரலால் பிடித்தான். கடிகாரம் ஓய்ந்ததும் பெண்களின் ஜெப முணுமுணுப்பு மட்டும் கேட்டது.

பலகையில் ப்ரோங்கா கிடந்தாள். அவன் மனைவி. இருபத்தாறு வயது. எட்டு நாள் காய்ச்சல். முகத்தின் மேல் வெள்ளைத் துணி.

அடுப்பங்கரைத் தரைப்பலகைக்குக் கீழே, உருளைக்கிழங்குக் குழியில், ஃப்ரூமா என்ற யூதப் பெண் இருந்தாள். பதினான்கு மாதமாக இருக்கிறாள். யூதர்களை ஒளித்துவைத்தால் மரணம் என்று போலிஷிலும் ஜெர்மனிலும் அச்சடித்த அறிவிப்பு தேவாலயச் சுவரில் இருந்தது. காலையில் அவன் சவப்பெட்டி சொல்லப் போயிருந்தபோது ஃப்ரூமா மேலே வந்து ப்ரோங்காவைக் குளிப்பாட்டி, உடுத்தி, மறுபடி இறங்கிவிட்டாள். அவன் துணியை விலக்கிப் பார்க்கவில்லை.

ஊர்த்தலைவரின் மனைவி மார்சியானா உள்ளே வந்தாள். தலைவர் வாசற்படியில் நின்றுகொண்டார். போன மாதம் ஒரு வைக்கோல் கொட்டகையில் ஒளிந்திருந்த இருவரைக் காட்டிக்கொடுத்தவர் அவர்.

"யாரு வாத்தியாரே குளிப்பாட்டினது?" என்றாள் மார்சியானா.

"நான்தான்."

"நீயா? உன் சட்டைப் பட்டனையே அவதான போட்டுவிடணும். எங்கள ஒரு குரல் கூப்பிடக் கூடாதா?"

அவள் துணியைத் தூக்கினாள்.

இமைகளின் மேல் காசு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டுச் சில்லுகள் இருந்தன. நீல விளிம்பு. ப்ரோங்கா பால் குடிக்கும் கிண்ணத்தின் உடைசல்.

மார்சியானா துணியை இறக்கவில்லை. யுத்தத்துக்கு முன் ஒன்பது வருஷம் டவுனில் ஒரு யூத ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் வேலை பார்த்தவள். அங்கே இரண்டு சாவு பார்த்தவள். கண்ணில் ஓடு வைப்பது யார் வழக்கம் என்று அவளுக்குத் தெரியும்.

"என்னடி அங்க?" என்றார் தலைவர்.

ஸெனோன் நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தான்.

"கண்ணு சரியா மூடல," என்றாள் மார்சியானா. " ரெண்டு காசு குடுங்க. அங்கயே நில்லுங்க, பூட்ஸ் பூரா சேறு."

"காசு வைக்கக்கூட வாத்தியாருக்கு மனசு வரலியா?" தலைவர் பையைத் துழாவினார்.

அவள் குனிந்தாள். அகன்ற முதுகு ப்ரோங்காவின் முகத்தை மறைத்தது. நிமிர்ந்தபோது இமைகளில் காசு இருந்தது. அவள் கை ஏப்ரன் பையிலிருந்து வெளியே வந்தது.

"சடை நேரா வந்திருக்கு," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "உனக்கு இப்படி வராது. எவளாவது கேட்டா நான் பின்னினேன்னு சொல்லு."

பிறகு முழங்காலிட்டு, மற்றப் பெண்களைவிட உரக்க ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள்.

மறுநாள் கல்லறையில் மண் ஈரமாக இருந்தது. ஆளுக்கொரு பிடி போட்டார்கள். பெட்டியின் மேல் மெத்தென்று விழுந்தது. மார்சியானா கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்து, குனிந்து மண் அள்ளிப் போட்டாள். பலகையில் டக், டக் என்று இரண்டு முறை கேட்டது.

"மண்ணுல கல்லு கிடக்கு," என்றார் தலைவர்.

"கிடக்கட்டும்." அவள் கைகளைத் தட்டிக்கொண்டாள்.

ஸெனோன் குனிந்து பார்த்தான். இரண்டு கைகளிலும் மண் அள்ளி, நீலம் தெரிந்த இடத்தில் போட்டான்.