சாசேஜ் பையில் இருந்த மருந்து

மருந்து ஆய்வின் முடிவைத் தபாலில் அனுப்ப மாட்டோம், நேரில் வந்து கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஆய்வு நர்ஸ் ஹெல்லேவி சொல்லிவிட்டாள். பதினாறு வயது மகள் சைமியை ஏற்றிக்கொண்டு இல்போ நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டினான். வழியில் அவன் பேசியது இரண்டே வாக்கியம். காட்டுமான் குறுக்கே வரும் என்பது ஒன்று, ரோடு வழுக்குகிறது என்பது இன்னொன்று. எங்கள் ஆட்களில் இதற்கே வாயாடி என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

மனசுக்குள் மட்டும் ஒரே வேண்டுதல் ஓடிக்கொண்டிருந்தது. கடவுளே, தண்ணீராக இருக்கட்டும்.

குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய் எங்கள் பின்லாந்தில்தான் ரொம்ப அதிகம். ஏன் என்று இன்றுவரை யாருக்கும் முழுசாகத் தெரியாது. சைமிக்கு வரலாம் என்று தொப்புள்கொடி ரத்தத்திலேயே பார்த்துச் சொன்னார்கள். ஐந்து வயதில் அதற்கான அடையாளம் ரத்தத்தில் தெரிந்துவிட்டது. நோயை விரட்ட வேண்டிய படையே இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கத் தொடங்கியிருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

அன்று ஹெல்லேவி விளக்கினாள். "நம்ம வீட்டு நாயே நம்ம ஆளப் பாத்துக் குரைக்குதுன்னு வைங்க. தினமும் கைய மோந்து பாக்க விட்டா பழகிடும்ல? அது மாதிரி இன்சுலினயே துளித்துளியா மூக்குல அடிச்சு உடம்பப் பழக்கப் பாக்குறோம். ஊசி இல்லாத தடுப்பூசின்னு வச்சுக்கங்க. பாதிப் பிள்ளைங்களுக்குத்தான் மருந்து, மீதிப் பேருக்கு வெறும் தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. சூடு மட்டும் பட விட்றாதீங்க."

இரண்டு வருஷம் தினமும் அழுகையோடு மூக்கில் அடித்தார்கள். சைமிக்கு ஏழு வயதானபோது, நடுக்கோடைப் பண்டிகைக்கு ஏரிக்கரைக் குடிலுக்குப் போனார்கள். அங்கே கரண்ட் கிடையாது. ஒரே குளிர்பையில் மேலே சாசேஜ், அடியில் இரண்டு மாதத்து மருந்துக் குப்பிகள். சாசேஜை அலுமினியத் தாளில் சுருட்டி, சௌனா என்கிற நீராவிக் குளியலறையின் அடுப்புக் கல்லில் சுடாத நடுக்கோடையும் ஒரு நடுக்கோடையா? இல்போ பையோடு சௌனாவுக்குள் போனான். நாலு பீர் உள்ளே போயிற்று. கரையில் தீ மூட்டியாயிற்று, வா வா என்று பக்கத்துக் குடில்காரர்கள் கூப்பிட்டார்கள். பையைச் சூடு அதிகம் ஏறும் மேல் பலகையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனான்.

காலையில் எடுத்துப் பார்த்தபோது, அடுப்பு அணைந்தும் குப்பிகள் வெதுவெதுவென்றே இருந்தன; ராத்திரி வெந்தே போயிருக்கும். பண்டிகை நாள், போனை எடுக்க ஆள் இல்லை. திங்கட்கிழமை கூப்பிட்டிருக்கலாம். ஆனால் பிள்ளையின் மருந்தைச் சாசேஜோடு சேர்த்து வேகவைத்தேன் என்று மனைவி ஐலாவிடம் எந்த வாயால் சொல்வது? குப்பிகளைக் கிணற்றில் இறக்கிக் குளிரவைத்து எடுத்து வந்தான். சைமி அந்தக் கோடை முழுக்க அதைத்தான் மூக்கில் அடித்துக்கொண்டாள்.

செப்டம்பரில் அவள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், கவுன் தொளதொளத்தது. சர்க்கரை நோய் வந்தேவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஐலா கேட்டாள். "நாம எதுல கோட்ட விட்டோம் இல்போ?"

"எதுலயும் இல்ல" என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு ஒன்பது வருஷம் அந்தச் சோற்றையே தின்றான். ஒவ்வொரு ஊசிக்கும் அவன் நெஞ்சுதான் குத்துப்பட்டது.

இன்று ஆய்வு மையத்தில் ஹெல்லேவி உறையைப் பிரித்தாள். அவளுக்கும் இப்போது தலை நரைத்திருந்தது. "உனக்கு வந்தது தண்ணிதான் சைமி."

"அப்பாடா" என்றான் இல்போ. அவனை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

சைமி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நர்ஸிடம் கேட்டாள். "மருந்து கிடைச்சவங்களுக்கு என்ன ஆச்சு?"

"சில பேருக்கு ரெண்டு வருஷம் தள்ளிப் போயிருக்கும்மா. தடுக்கல. தள்ளிதான் போட்டுது."

"அப்ப எனக்கு ஒம்பது வயசுல வந்திருக்கும்" என்றாள் சைமி.

கேன்டீனில் ஏலக்காய் பன்னை முன்னால் வைத்துக்கொண்டு அவள் இன்சுலின் அளவைக் கணக்குப் போட்டுக் குத்திக்கொண்டாள். பன்னைத் தொடவில்லை. "எதுக்குப்பா அப்பாடான்ன?"

அவன் சொன்னான். சாசேஜ், சௌனா, கிணறு, எல்லாவற்றையும்.

"அப்ப ஒம்பது வருஷமா எனக்குத் தண்ணி வந்திருக்கணும்னா வேண்டிக்கிட்ட?"

"ஆமா."

"எனக்கு வந்தது மருந்தா இருக்கணும்னு நான் வேண்டிக்கிட்டேன்ப்பா. எனக்காக ஏதாவது ஒண்ணு செஞ்சு பாத்தாங்கன்னாவது இருக்கும்ல."

தன் பாரம் இறங்கிய அதே நொடியில் பிள்ளையின் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. வெட்கமாக இருந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நல்லா இருக்குப்பா. நான் வயித்துல இருந்தப்ப தான் என்ன தின்னோம், எதுக்கு மாத்திர போட்டோம்னு அம்மா இன்னமும் நோட்டுல எழுதி எழுதிப் பாக்குது. ராத்திரி டூட்டிக்குப் போற பைல அந்த நோட்டு இருக்கு. நீ பாத்ததே இல்லையா?"

இல்போ பார்த்ததில்லை. கேட்டதும் இல்லை. குற்றம் தன் ஒருவனோடு இருப்பதாகவே இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

சைமி தன் போனில் நம்பரைப் போட்டு அவன் முன்னால் தள்ளினாள். இரண்டாவது மணியிலேயே ஐலா எடுத்துவிட்டாள். கையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருப்பாள்.

"என்ன சொன்னாங்க இல்போ?"

"தண்ணியாம்."

ஐலாவின் குரல் உடைந்து வந்தது.

"அப்ப மருந்து மேலயும் பழி போட முடியாது. நான்தான். என் வயித்துலதான் ஏதோ ஆயிருக்கு."

"இல்ல ஐலா. அழாத, கேளு" என்றான் இல்போ. "அந்த நடுக்கோடைக்குச் சாசேஜ் கொண்டு போனோமே, அந்தப் பை ஞாபகம் இருக்கா?"