அக்காவின் பெயரில் வந்த பெட்டி

“சம்சாரத்துக்கு என்ன வயசு?” என்று விமான நிலையச் சரக்குப் பிரிவு அதிகாரி கேட்டதும், அக்காவின் வீட்டுக்காரர் திரும்பி அக்காவையே பார்த்தார். பழக்கதோஷம். கேஸ் சிலிண்டர் எப்போது வந்தது என்பதைக்கூட அவளைக் கேட்டுத்தான் சொல்வார்.

அவள் தரையைப் பார்த்தாள். காகிதப்படி அவள் போன மாதமே, கடல் கடந்து, யார் வீட்டுச் சமையலறையிலோ செத்துப்போயிருந்தாள். செத்தவள் வயது சொல்லக் கூடாது.

“முப்பத்திமூணு சார்,” என்றார் அவர், ஒருவழியாக.

பெட்டிக்குள் இருந்தது தங்கை. இருபத்தேழு. வீட்டு வேலைக்கு வெளிநாடு போகும் பெண்ணுக்கு முப்பது நிரம்பியிருக்க வேண்டும் என்று சட்டம். சின்ன வயதுப் பெண்களைப் பாதுகாக்கத்தான். தரகர் அதற்கும் வழி வைத்திருந்தார். சான்றிதழ்கள் அக்காவுடையவை, போட்டோ தங்கையுடையது, பாஸ்போர்ட் தயார். அக்காவின் பாவாடை, செருப்பு, சீப்பு எல்லாவற்றையும் கேட்காமலே எடுத்துக்கொள்கிறவள், பெயரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

நெஞ்சு வலிக்கிறது, ஆஸ்பத்திரிக்கும் விடமாட்டேன் என்கிறார்கள், பாஸ்போர்ட்டையும் தரமாட்டேன் என்கிறார்கள் என்று அங்கிருந்து ஒருநாள் அக்காவிடம் போனில் சொன்னாள்.

“தூதரகத்துல போய்ச் சொல்லுடி!”

“எந்தப் பேர்ல சொல்ல? நீ வந்து சொல்றியா?” என்று சிரித்தாள். அதற்கப்புறம் போன் வரவில்லை.

உண்மை வெளியே வந்தால் விசாரணை முடியும்வரை பெட்டி இங்கேயே கிடக்கும். அதனால் அக்காவின் வீட்டுக்காரர் மனைவியை இழந்தவர். அக்கா அவருடைய கொழுந்தியாள். தங்கையின் புருஷன் சும்மா துணைக்கு வந்த சகலை. வேனில் வரும்போதே ஒத்திகை பார்த்தாகிவிட்டது. யார் அழ வேண்டும் என்பதை மட்டும் பேசிக்கொள்ளவில்லை.

சகலை தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

“அவர் யாருங்க?” என்றார் அதிகாரி.

“என் சகலை சார்.”

“பொண்டாட்டிய பறிகொடுத்த நீங்க கல்லு மாதிரி நிக்கிறீங்க. அவர் இந்த அழுகை அழுறாரு?”

“அவன் கொஞ்சம்... இளகின மனசு சார்.”

அதிகாரியின் பேனா நின்றது. “ரத்த சொந்தம் ஒருத்தர் முகத்தப் பாத்துச் சொல்லணும். நீங்கதானே தங்கச்சி? வாங்கம்மா.”

மூடியை நகர்த்தினார்கள். கன்னம் ஒட்டி, உதடு கறுத்து, சட்டம் கேட்ட முப்பதை எப்போதோ தாண்டியிருந்தாள் அவள்.

“யாரும்மா இது?”

இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்த பிள்ளை. தொண்டைவரை வந்த பெயரை விழுங்கினாள்.

“அக்கா,” என்றாள். “எங்க அக்கா சார்.”

சொன்னதுதான் தாமதம், அவளிடமிருந்து கிளம்பிய அழுகையில் அதிகாரி மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வேன் கேட்டைத் தாண்டும்வரை சகலை முன்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தான். முக்குத் திரும்பியதும் அக்காவின் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். முன்கதவைத் திறந்து, “நீ பின்னால போப்பா,” என்றார்.

“ஏன் சார், நீங்கதானே அவங்க வீட்டுக்காரரு?” என்றார் டிரைவர்.

சகலை பின்னால் பெட்டிப் பக்கம் ஏறினான். அக்கா நகர்ந்து இடம் விட்டாள். ரோடு மோசம். ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டி லேசாகத் துள்ளியது. ஒவ்வொரு தடவையும் அவன் அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டான்.