வேறு வேலை கேட்டு ஒரு மனு

1

இது மனுவாகத்தான் தொடங்கியது. 2004, மாசி. இருசம்மாள் தன் கணவர் பாவாடையோடு அரியலூரில் என் வீட்டுக்கு வந்தார். பாவாடைக்குச் சிறுநீரகம் பழுது. சிமெண்ட் ஆலையில் மூட்டை பிடிக்கும் இடத்தில் ஒன்பது வருடமாக ஒப்பந்தக் கூலி. தூசி இல்லாத வேலைக்கு மாற்றச் சொல்லி எழுத வேண்டும். எழுதினேன். ஒரு வாக்கியம் மட்டும் நிற்கவில்லை. அதனால் இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: ஊரின் மேல் சாம்பல் நிற வானம்

(விட்டுவிட்டேன். அங்கே யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. கொடியில் காயும் துணியைத்தான் உதறிப் பார்க்கிறார்கள்.)

இரண்டாவது: பாவாடையின் முகம் வீங்கியது. இருசம்மாள் அதை வீக்கம் என்று நினைக்கவில்லை.

"பூசினாப்ல ஆயிட்டாருன்னு தெருவே சொல்லுச்சுங்க சார். கம்பெனிச் சோறு ஒட்டிடுச்சுன்னாங்க. கண்ணு பட்டுடப் போவுதுன்னு வூட்டு வாசல்ல நிக்க வச்சு மொளகா சுத்திப் போட்டேன்."

எட்டு வெள்ளிக்கிழமை சுற்றிப் போட்டிருக்கிறார். இரண்டு மாதம் அப்படிப் போயிற்று.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

பாவாடை கதைக்கு ஒத்துவரவில்லை. போதிய சோகம் இல்லை.

"வேலை நேரத்துல தண்ணி குடிப்பீங்களா?"

"எங்கங்க சார். குடிச்சா வாய்க்குள்ளயே கலவை போட்டாப்ல ஆயிடும். அப்பறம் நாக்குல செங்கல்லு அடுக்க வேண்டியதுதான்."

"இந்த வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்றார் இருசம்மாள்.

"கம்பெனில டெஸ்ட்டு வச்சாங்க. ஊதச் சொன்னாங்க, ஊதுனேன். நெஞ்சு நல்லாருக்குன்னுட்டாங்க. ஒண்ணுக்க டெஸ்ட் பண்ண யாரு சார் கேட்டா?"

இடுப்பு வலிக்குப் பெட்டிக்கடை மாத்திரை விழுங்கியதும் உண்டு.

(ஓர் அடிக்குறிப்பு: நுண்தூசி நுரையீரலோடு நிற்காமல் ரத்தம் வழியாகச் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம் என்றார் பாவாடையைப் பார்த்த திருச்சி மருத்துவர். அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். "கெடுக்கலாம்னு சொல்லலாம். இவருக்கு அதாலதான் வந்துச்சுன்னு எப்படி எழுதுறது?" என்றார். தண்ணீர் குடிக்காதது இருக்கிறது, வலி மாத்திரை இருக்கிறது. அவர் சொன்னது நியாயம்.)

நிற்காத வாக்கியம்: 'ஆலைத் தூசியால் எனக்கு இந்த நோய்'

4

மனுவில் நோயைச் சொன்னால் காண்ட்ராக்டர் வேறு வேலை தரலாம். நாளையிலிருந்து வராதே என்றும் சொல்லலாம். ஒப்பந்தக் கூலியை நிறுத்தக் காரணம் தேவையில்லை. சொல்லாவிட்டால் பாவாடை அதே தூசியில் நிற்பார். சிறுநீரகம் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று மருத்துவர் சொல்லவில்லை.

முடிவு அ: மனு போகிறது. ஆலைத் தோட்டத்துக்கு மாற்றுகிறார்கள். (என்னாலேயே நம்ப முடியவில்லை.)

முடிவு ஆ: மனு போகிறது. வேலையும் போகிறது. இருசம்மாள் என்னிடம் வந்து

முடிவு இ: மனு போகவில்லை. பாவாடை வேலைக்குப் போகிறார்.

இ எழுதச் சுலபமாக இருந்தது. அதனாலேயே பயம்.

5

மனு இருசம்மாள் கையில் இருக்கிறது.

"குடுக்கட்டுங்களா சார், வேணாங்களா?"

இரண்டு சொல்லைத் திருத்த வேண்டும் என்றேன்.

"எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கும். குடுக்கலாமான்னு சொல்லுங்க."

பாவாடை வாசலில் குனிந்து செருப்பு வாரைத் தளர்த்துகிறார். காலில் வார் அழுத்திய இடம் பள்ளமாகவே நிற்கிறது. முகத்தில் கட்டும் துண்டு தோளில் கிடக்கிறது.

"படிச்சவரு, நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்கிறார் இருசம்மாள்.

எனக்குத் தெரியவில்லை. நீங்களும் படித்தவர்தான், இதுவரை படித்துவிட்டீர்கள். அவர் இப்போது உங்களைப் பார்க்கிறார். இரண்டு மணி ஷிப்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.