ஐந்நூறு ஓம்

அப்புசாமி வேலிப் பெட்டியை வாசற்படியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். உள்ளே வரவில்லை.

"ஏனுங்க சென்னிமலையண்ணா, இத நீங்களே வெச்சுக்குங்க. ஊட்ல பொம்பளைங்க பயப்படறாங்க."

"காட்டுக்குப் பன்னி வருமேப்பா?"

"வந்தா கடலைதானுங்க போகும்."

சொன்ன பிறகுதான் யார் வீட்டு வாசலில் நின்று சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாரேனுங்க" என்று நடையைக் கட்டினார்.

நர்மதா உள்ளே இருந்து எல்லாம் கேட்டாள். மலையாள எல்லையில் சித்தூருக்குக் கிழக்கே பாதிக் காடு தோட்டங்களுக்குச் சோலார் வேலிப் பெட்டி செய்து கொடுத்தவன் அவள் புருஷன் தனபால். பேட்டரியில் ஓடும் பெட்டி. கம்பியில் ஒரு சுண்டு சுண்டும், நிற்கும், மறுபடி சுண்டும். பன்னி தொட்டால் அலறி ஓடும், சாகாது. வாங்க வருகிறவர்களுக்கு எதிரில் தனபால் வெறுங்கையால் கம்பியைப் பிடித்துக் காட்டுவான். "பாருங்க, கட்டெறும்பு கடிச்சாப்ல. அவ்வளவுதானுங்க." போன மாதம் ஒரு விடியலில் தன் காட்டு வேலியைப் பிடித்தபடியே செத்துக் கிடந்தான். அவன் செஞ்ச பெட்டியே அவனக் கொன்னுபோட்டுது என்றது ஊர். பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

நர்மதா அழவில்லை. அழுகை வருமென்று அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பால் கறந்தாள், சோறு வடித்தாள், பெட்டிகளை அடுக்கினாள். ஒரே ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது: பெட்டியா, இல்லையா?

இரண்டு பேரும் பாலிடெக்னிக்கில் ஒன்றாக எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள். பெட்டியின் சர்க்யூட்டை அவன் வரைந்து வைத்த பென் டிரைவ் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. அவளுடைய பழைய லேப்டாப்பில் லினக்ஸ். பள்ளிக்கூடத்திலேயே அதில்தான் பழகியவள். போனிலிருந்து நெட் கொடுத்து, கிகாட் என்ற மென்பொருளை இறக்க உட்கார்ந்தாள். சர்க்யூட்டை வரைந்தால் அதை ஓட்டியும் காட்டும். கையில் தொடாமலே எங்கே எவ்வளவு கரண்டு என்று பார்க்கலாம்.

மாமியார் கமலாத்தாள் முறத்தோடு கடந்து போனாள்.

"புருசன் போயி மாசம் ஒண்ணு தாண்டல. மடியில டப்பாவத் தூக்கி வெச்சுட்டா."

"படம் பாக்கலீங்க அத்தை."

"நீ என்னத்தையோ பாரு. அந்தப் பெட்டியெல்லாம் கொண்டுபோயி கெணத்துல வீசச் சொல்லு உங்க மாமன."

சென்னிமலை நாற்காலியை இழுத்து மருமகளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். காரியம் முடிந்ததிலிருந்து அவர் காட்டுப் பக்கம் போகவில்லை.

"நீ அடிக்கறே கண்ணு, எழுத்து ஒண்ணும் உழுகக் காணமே?"

"பாஸ்வேர்டுங்க மாமா. அடிச்சா தெரியாது. அது பாட்டுக்கு வாங்கிக்கும்."

மென்பொருள் இறங்கியது. தனபாலின் கோப்பைத் திறந்தால், இது புதிய பதிப்பில் செய்தது, திறக்கமாட்டேன் என்றது. புதிய பதிப்பைப் போடப் போனால் லினக்ஸே பழசு என்றது. சரியென்று லினக்ஸையே மேலே ஏற்றினாள். அடுத்த நாள் பகல் வரைக்கும் வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து பார்ப்பாள். நடுவில் ஏதோ கேட்கும்; ஆமாம் என்று தட்டிவிட்டுப் போவாள்.

"இன்னும் முடியலியா?" என்று சென்னிமலை கேட்டுக்கொண்டே இருந்தார். முடியவேண்டும் என்று கேட்கிறாரா, முடியக்கூடாது என்று கேட்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பிடிபட வேண்டுமென்றும் தோன்றவில்லை.

மத்தியானம் கோப்பு திறந்தது. பேட்டரி, டிரான்ஸ்பார்மர், வேலிக் கம்பி. கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டர், ஐந்நூறு ஓம். வேலியைத் தொடும் ஆளின் உடம்புக்குப் பதிலாக அதுதான் கணக்கு. அதன் கீழே தமிழில் 'நான்' என்று தட்டி வைத்திருந்தான்.

நர்மதா அதைப் பார்த்தாள். பிறகு ஓட்டும் பொத்தானை அழுத்தினாள்.

கரண்டைக் காட்டும் கோட்டில் ஒரு முள் எழுந்தது. பிறகு நெடுகத் தட்டை. மறுபடி ஒரு முள். முள்ளைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எழுந்த வேகத்திலேயே விழுந்திருந்தது. பேட்டரியைக் கூட்டினாள், கெப்பாசிட்டரைப் பழுதாக்கினாள், ஆளின் ஓமைப் பாதியாக்கி நனைந்த கையாக வைத்தாள். எப்படிப் போட்டாலும் முள்ளும் தட்டையும்தான்.

"என்ன காமிக்குது?"

"பெட்டி இல்லீங்க மாமா."

"நெசமாவா?"

"இதுல ஆள் சாகாதுங்க. உதறிட்டுக் கைய எடுத்துருவாங்க."

அடுக்களையில் முறம் தட்டும் சத்தம் கேட்டது. சென்னிமலை நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்ட இழுத்தார்.

"கண்ணு, அதுல பேட்டரிய எடுத்துப்போட்டு லைன் கரண்டு குடுத்துப் பாக்க முடியுமா?"

நர்மதாவின் கை நின்றது.

"எங்க குடுக்கறதுங்க?"

"வேலிக் கம்பியில. நேரா."

அவள் பெட்டியை நீக்கினாள். இருநூற்று முப்பது வோல்ட் வைத்தாள். ஓட்டினாள். முள்ளுமில்லை தட்டையுமில்லை; இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் இடைவெளியில்லாமல் அலை. விடவே இல்லை.

"அப்ப நாலு நாளா மூடாப்பு, வெயிலே இல்ல. பேட்டரி ஏறல" என்றார் சென்னிமலை. "பன்னி கெழக்கு வயலப் பூரா நோண்டிப்போட்டுது. ஒரு ராத்திரிக்கின்னு மோட்டார் ரூம்ல இருந்து வயரு இழுத்தேன். அவங்கிட்டச் சொன்னா உடமாட்டான்."

"காலையில கழட்டலீங்களா?"

"கரண்டே இல்ல கண்ணு. கரண்டு இல்லாத வயரு என்ன பண்ணுமின்னு சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போயிட்டேன். வாரதுக்குள்ள கரண்டு வந்துபோட்டுது. அவன் எப்பயும் போலத் தொட்டுப் பாத்திருக்கான்."

"வயரு எங்கீங்க?"

"காட்டுச் சாளைக் குடிசையில சுருட்டிக் கெடக்குது. அதக் கழட்டிப்போட்டுத்தான் சத்தம் போட்டேன்."

அவர் குரலில் அழுகை இல்லை. அவள் காதில் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. உள்ளே எங்கேயும் போய்ச் சேரவில்லை. வேலையை முடிக்கலாம் என்று ஜன்னலை மூடப்போனாள். திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது.

"மாத்துனதச் சேமிக்கவான்னு கேக்குதுங்க மாமா."

"வேண்டாம்னா?"

"பழையபடி பெட்டிதான் இருக்குமுங்க."

சென்னிமலை வாசலில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். அப்புசாமி கொண்டுவந்தது மேலே இருந்தது.

"பெட்டியோடதையும் வெய்யி, இதையும் தனியா வெய்யி. அப்புசாமி வந்து பாக்கட்டும், ஊரு பாக்கட்டும்." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு நின்றார். "மொதல்ல உங்க அத்தையக் கூப்புடு."

நர்மதா இரண்டையும் சேமித்தாள். அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, மொறத்த வெச்சுப்போட்டு இங்க வாங்க."