ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம்

குடியரசு தினத்தன்று கடைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று ஷைனிக்குத் தெரியும். இருந்தாலும் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு, கேமரா பேட்டரிகளைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் கல்வராயன் மலையில் ஒரு கல்யாணம். எத்தனை மணிக்கு மலைக்கு வந்து சேர வேண்டும் என்று கேட்க, பெண்ணின் அம்மா அம்சவள்ளிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ஷைனி பேசறேன். இருபத்தெட்டாந்தேதி சாயந்தரமே வந்துடட்டுமா?"

"இன்னாத்துக்கும்மா இவ்ளோ சீக்கிரம்? கல்யாணம் தை இருபத்தொம்போதுதான?"

"ஆமாக்கா. மறாநாள்தான இருபத்தொம்போது."

"அய்யோ, நீ இங்கிலீசு தேதி சொல்றியா! நான் தை மாசத் தேதி இல்ல சொன்னேன். இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல இருக்குதும்மா."

ஷைனி சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரின் தாள்களைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனாள். தை இருபத்தொன்பது, பிப்ரவரி பன்னிரண்டில் வந்து நின்றது. டைரியைத் திறக்கத் தேவையே இல்லை. அந்தத் தேதி அவளுக்கு மனப்பாடம். களமருதூர் செல்லமுத்துவின் மகளுக்கு உளுந்தூர்பேட்டை மண்டபத்தில் கல்யாணம். இந்த வருஷம் அவளுக்குக் கிடைத்த ஆர்டர்களிலேயே பெரியது.

"அக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான வருஷம் துருகம் ரோட்டில் திறந்த கடை அது. அப்போதெல்லாம் சான்றிதழ், ரேஷன் கார்டு, உதவித்தொகை என்று வருகிறவர்கள் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு வரிசையில் நின்றார்கள். பிறகு பல அலுவலகங்களில் மேசை மேலேயே கேமராவை வைத்துப் படம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். வரிசை கரைந்தது. கடையை மூடிவிடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அம்சவள்ளி தன் மகள் தமிழ்மொழியை இழுத்துக்கொண்டு வந்தாள். கல்லூரி விண்ணப்பத்துக்குப் போட்டோ வேண்டும். பெண்ணோ உள்ளே வர மறுத்து வாசலிலேயே நின்றது.

"வேற ஊர்ல ஒரு கடைக்குப் போனோம்மா. நேரா பாரு நேரா பாருன்னு சொல்லி இவ மோவாயப் புடிச்சித் திருப்பிட்டான். அதுலேர்ந்து போட்டோன்னாலே வரமாட்டேங்குது."

ஷைனி அந்தப் பெண்ணைத் தொடவே இல்லை. எதிரில் நின்று, தான் தலையை எப்படி வைத்துக்கொள்கிறாளோ அப்படியே அவளையும் வைக்கச் சொன்னாள். கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று இரண்டு பேரும் கண்ணாடி பார்ப்பதுபோல் ஆடிக்கொண்டிருந்ததில் தமிழ்மொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்கும்போது எடுத்த படத்தை அம்சவள்ளி மலையில் ஒரு வீடு விடாமல் காட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, குழந்தைக்கு முதல் மொட்டை என்று மேலேயும் கூப்பிட்டார்கள். கடை மூடப்படாமல் நின்றது இப்படித்தான்.

சின்னசேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வகப் பணியாளராக இருக்கும் அவள் கணவன் லாரன்ஸ், கொடியேற்றம் முடிந்து மத்தியானம் வந்தபோது முழுக்கதையையும் கேட்டான்.

"இதுல யோசிக்க இன்னா இருக்குது? மலைக்கு வேற யாரையாவது அனுப்பிடு. செல்லமுத்து ஆர்டரு வுட்டா திரும்பக் கெடைக்குமா? இது நல்லா முடிஞ்சா அந்தப் பக்கமே உன்னக் கூப்புடும்."

"மொதல்ல வாக்கு குடுத்தது அம்சவள்ளி அக்காவுக்குங்க. ஐப்பசியிலயே சொல்லிட்டாங்க. நான்தான் தப்பா எழுதினேன்."

"அப்ப இன்னா பண்ணப்போற?"

"மலைக்கு நான் போறேன். களமருதூருக்கு ஆள் தேடணும்."

லாரன்ஸ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவள் ஒரு முடிவைச் சொன்ன பிறகு வாதாடுவதில் பயனில்லை என்பதைப் பத்து வருஷத்தில் கற்றிருந்தான்.

இரண்டு நாள் போனும் கையுமாக இருந்தாள். தியாகதுருகம், சங்கராபுரம், உளுந்தூர்பேட்டை, தெரிந்த எல்லாரிடமும் கேட்டாயிற்று. பெரிய முகூர்த்தம், ஒருத்தரும் சும்மா இல்லை. கடைசியில் ஒரே ஒருவன்தான் பாக்கி. அவன் எதிர்க்கடைக்காரன்.

சரத்குமார் இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே கடை போட்டவன். முழுக்கண்ணாடி முகப்பு, ராத்திரியெல்லாம் எரியும் நீல விளக்கு, பறக்கும் கேமரா. அவன் வந்த பிறகு ஷைனிக்கு டவுன் கல்யாணங்கள் பாதியாகக் குறைந்தன. இருவரும் ஒருவரையொருவர் தினமும் பார்ப்பார்கள், பேசியதில்லை. ரோட்டைத் தாண்ட இருபது அடிகூட இல்லை. ஆனாலும் அன்று அந்த ரோட்டைத் தாண்டுவதற்குள் அவள் மூன்று முறை திரும்பிவிடப் பார்த்தாள்.

உள்ளே ஏசியின் குளிர் முகத்தில் அடித்தது. சரத்குமார் எழுந்து நின்றான்.

"வாங்கக்கா" என்றான், என்ன செய்வதென்று தெரியாதவன் மாதிரி.

ஷைனி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தமிழ்த் தேதியை இங்கிலீஷ் தேதியாக எழுதிக்கொண்ட தன் முட்டாள்தனத்தையும் மறைக்கவில்லை. "பன்னண்டாந்தேதி உங்களுக்கும் ஆர்டர் இருக்கும். தெரிஞ்சிதான் கேக்கறேன். உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல ஆளு யாராவது இருந்தா சொல்லுங்க."

அவன் மேசைமேல் கிடந்த லென்ஸ் மூடியைத் திருப்பித் திருப்பி வைத்தான்.

"எனக்கு அன்னிக்கு ஒண்ணும் இல்லக்கா."

"பெரிய முகூர்த்தமாச்சே?"

"இல்லன்னா இல்லதான். இந்தத் தையில மூணே கல்யாணம். வெளிய சொல்லிக்கினா இன்னும் கொறைஞ்சிடும்னு சொல்லல." குரலைத் தாழ்த்தினான். "உங்க கடையில எந்நேரமும் பொம்பளைங்க நிக்கறாங்க. நான் இங்க உக்காந்து பாத்துக்கினே இருப்பேன். நம்ம கடைய எடுத்துட்டு வேற ஊருக்குப் போயிடலாமான்னுகூட யோசிச்சேன்."

ஷைனிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நான் உங்க நீல வெளக்கப் பாத்து வயிறு எரிஞ்சிக்கினு இருந்தேன் தம்பி" என்று சொல்லிவிட்டாள். முதலில் அவன்தான் சிரித்தான். பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

நிபந்தனைகளைப் பேசினார்கள். அவள் பெயரில் அவன் போவான். எடுத்ததையெல்லாம் அவளிடம் கொடுப்பான், ஆல்பம் அவள் செய்வாள். கூலியை அவன் கேட்டபடியே அவள் ஒத்துக்கொண்டாள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னாள்: "செல்லமுத்து அய்யாகிட்ட மறைக்கக் கூடாது. ரெண்டு பேரும் நேர்ல போய்ச் சொல்லிடுவோம்."

மறுநாளே களமருதூர் போனார்கள். செல்லமுத்து களத்தில் நெல் மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தார். கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

"நான் உன்ன நம்பித்தான சொன்னேன்? இந்தத் தம்பிய எனக்கு யாருன்னே தெரியாது."

"எம்மேலதான் தப்புங்கய்யா. உங்களுக்கு வேணாம்னா இப்பவே வேற ஏற்பாடு பண்ணிக்கோங்க, இன்னும் நாள் இருக்குது. இவரு வந்தா வேலைக்கு நான் பொறுப்பு."

அவர் சரத்குமாரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவர் மனைவி கமலா உள்ளேயிருந்து, "நாளு கழிச்சிச் சொல்லாம முன்னாடியே வந்து சொல்லுதே, அதுவே பெருசு. வுடுங்க" என்றாள்.

"சரி. ஒரு கொற வந்தாலும் உன்னத்தான் கேப்பேன்" என்றார் செல்லமுத்து.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி சாயந்தரம் லாரன்ஸ் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளை பைக்கில் மலைக்குக் கூட்டிப்போனான். அம்சவள்ளியின் ஊரில் போன் சிக்னல் கிடையாது. அது ஒருவகையில் நல்லதுதான் என்று முதலில் நினைத்தாள். ஆனால் விடிந்து, பனிமூட்டத்துக்குள் பந்தலில் பறை ஒலிக்க ஆரம்பித்தபோது அவள் மனசு பாதி உளுந்தூர்பேட்டையில் இருந்தது. அங்கே தாலி கட்டியிருப்பார்களா? சரத்குமார் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பானா?

அப்போது தமிழ்மொழி குடிசை வாசலில் வந்து நின்றாள். அரக்குப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். ஷைனி கேமராவை இறக்கிவிட்டு, எதிரில் நின்று தன் தலையை மெல்லச் சாய்த்துக் காட்டினாள். தமிழ்மொழி நிமிர்ந்து பார்த்து, அதேபோல் சாய்த்தாள். அப்புறம் மனசு வேறெங்கும் போகவில்லை. பனி விலகியதும், வெயில் பந்தலுக்குள் இறங்கியதும், தாலி ஏறிய நொடியில் அம்சவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதும் எல்லாம் கேமராவுக்குள் வந்தன.

"நீ வரலன்னா இவ மூஞ்சத் தூக்கியே இருக்கமாட்டா" என்று சொல்லி, அம்சவள்ளி சாமை அரிசி ஒரு பை நிறையக் கொடுத்து அனுப்பினாள்.

இறங்கும்போது மத்தியானம் ஆகிவிட்டது. பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் தோள்பையிலிருந்த போன் விடாமல் ஒலிக்க ஆரம்பித்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க."

பதினோரு தவறிய அழைப்புகள். அத்தனையும் செல்லமுத்து. ஷைனி சாலையோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தாள்.

"ஏதோ ஆயிருக்குதுங்க. கல்யாணத்தன்னிக்கு ஒரு மனுஷன் இத்தினி தடவ போட்டிருக்காருன்னா..."

"பேசு மொதல்ல" என்றான் லாரன்ஸ்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"எங்கம்மா போய்ட்ட? காலையிலேர்ந்து போட்டுக்கினே இருக்கேன்!"

"மலையில சிக்னல் இல்லைங்கய்யா. இன்னா ஆச்சு? அந்தத் தம்பி வரலியா?"

"அவரு அஞ்சு மணிக்கே வந்து நின்னாரே. தாலி கட்டற நேரத்துல கரண்டு போச்சி, ஜெனரேட்டரு கெளம்பல. மண்டபமே கத்துது. அந்தத் தம்பி பேட்டரி வெளக்க ரெண்டு பக்கமும் புடிக்கச் சொல்லி, ஒண்ணு வுடாம எடுத்துட்டாரு. கேமராவுல இருக்கற சின்னப் பொட்டியில காட்டனாரு. எம்பொண்ணு தங்க வெளிச்சத்துல நிக்கறாமாதிரி இருக்குது."

ஷைனி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் கூப்ட்டது வேற விசயம். நாளைக்கு மாப்ள வூட்ல வரவேற்பு. அவங்க பேசி வெச்ச ஆளு வரலன்னுட்டானாம். இந்தத் தம்பிய வாப்பான்னா, 'ஷைனி அக்காவத்தான் கேக்கணும், இது அவங்க ஆர்டரு'ன்னு ஒரே புடியா நிக்கறாரு. அதான் உன்ன விரட்டிக்கினு இருக்கேன். இன்னா சொல்ற?"

"அனுப்பறேங்கய்யா. நானும் வரேன்" என்றாள்.

சரத்குமாரைக் கூப்பிட்டபோது அவன் பந்தியில் உட்கார்ந்திருந்தான். பின்னால் பாயசத்துக்கு யாரோ சத்தம் போட்டார்கள்.

"அக்கா, திட்டப்போறீங்களா?"

"எதுக்குத் திட்டணும்? நல்லா சாப்புடுங்க தம்பி. நாளைக்கு வரவேற்புக்கு ரெண்டு பேருமே போறோம். பொம்பளைங்க பக்கம் நான் பாத்துக்கறேன், மேடைய நீங்க எடுங்க."

"சரிக்கா." சற்று நிறுத்தி, "பங்குனியில ஒரு வளைகாப்பு வந்திருக்குதுக்கா. பொம்பள ஆளுதான் வேணுங்கறாங்க. நான் இல்லன்னு சொல்ல இருந்தேன். உங்ககிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. தேதிய ரெண்டு தடவ சொல்லுங்க."

அவன் சிரித்தது போனில் வெடித்துக் கேட்டது. ஷைனி போனை மடியில் வைத்துவிட்டு, கீழே விரிந்து கிடந்த சமவெளியைப் பார்த்தாள். மரவள்ளிக் கொல்லைகளும் கரும்புத் தோட்டங்களும் வெயிலில் கிடந்தன. பதினைந்து நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் போன இடம் தெரியவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதது இப்போதுதான் உறைத்தது.

"இன்னா சொன்னாங்க? ஏன் இப்பிடி உக்காந்துக்கினு இருக்க?" என்று லாரன்ஸ் பதறினான்.

"பசிக்குதுங்க" என்றாள் ஷைனி. "கச்சிராயபாளையத்துல எந்தக் கடையா இருந்தாலும் சரி, நிறுத்துங்க. நல்லா சாப்புடணும்."