பெட்டியண்ணனின் முதுகு

எங்கள் ஊர் விமான நிலையத்தைக் கேலி செய்ய மூளை தேவையில்லை, கண் இருந்தால் போதும். திறந்த முதல் வாரமே கூரை ஒழுகியது. குடிநீர்க் குழாயில் காற்று வந்தது, ஏசியிலிருந்து தண்ணீர் வந்தது. பெட்டி வருகிற பட்டை தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது, பெட்டிதான் வரவில்லை. இதற்கு 'சர்வதேச' என்று ஒரு பெயர் வேறு. நாளிதழின் முதல் பக்கத்தில் கீழ் மூலையில் தினம் ஒரு கார்ட்டூன் போடுகிறவன் நான். அந்த ஒரே கட்டடத்தை வைத்து நான்கு மாதம் ஓட்டினேன்.

வினை என் வேலை முறையில்தான் இருந்தது. நான் சுத்தச் சோம்பேறி. முதல் நாள் வருகைக் கூடத்தை ஒரு தாளில் வரைந்தேன்: பட்டை, நான்கு தூண்கள், ஒரு கடிகாரம், 'சுங்கச் சோதனை' என்ற பலகை, முதுகு காட்டி நிற்கும் கூட்டம். அதன்பின் தினமும் அந்தத் தாளை விளக்குப் பெட்டியின் கண்ணாடிமேல் வைத்து, மேலே புதுத் தாளைப் போட்டு, கீழே தெரிவதை அப்படியே வரைந்துவிடுவேன். அன்றைய கிண்டலை மட்டும் புதிதாகச் சேர்ப்பேன். கூட்டம் முதுகு காட்டி நின்றதற்கும் சோம்பல்தான் காரணம். நாற்பது முகம் வரைய யாருக்குப் பொறுமை இருக்கிறது?

அந்தக் கூட்டத்தின் நடுவில் ஒருவன் நிற்பான். கட்டம் போட்ட சட்டை, இடது தோளில் பை, உச்சியில் லேசாக வழுக்கை. நான்கு மாதமாக அவன் பெட்டி வரவில்லை. வாசகர்கள் அவனுக்குப் பெட்டியண்ணன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அவன் என் மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். நான்கு வருடத்துக்கு முன் வெளிநாட்டு வேலைக்குப் போனான். பழைய விமான நிலையத்தில் அவனை வழியனுப்பிய அன்று நான் போனில் யாருடனோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது உள்ளே போகும் அவன் முதுகுதான் கண்ணில் பட்டது. அதைத்தான் வரைந்தேன்.

என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாள் காலை பேப்பரை மடித்து என் முன்னால் வைத்தாள்.

"ஏங்க, என் தம்பிய தினமும் அங்கயே நிக்க வெச்சுட்டீங்களே. ஒரு நாளாவது வீட்டுக்கு அனுப்பக் கூடாதா?"

பெட்டி வந்துவிட்டால் கார்ட்டூன் முடிந்துவிடும், அப்புறம் நானும் வீட்டில்தான் உட்கார வேண்டும் என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் பிழை திருத்துகிற அக்கா எனக்கு வைத்த பெயர் மூணுசுழி. இரண்டு சுழி 'ன' வரவேண்டிய இடத்தில் என் கை தானாக மூன்று சுழி 'ண' போட்டுவிடும். என் பலகையிலும் 'சுங்கச் சோதணை' என்றே இருந்தது. அவர் தினமும் திட்டுவார், நான் தினமும் நாளைக்கு மாற்றுகிறேன் என்பேன். கடிகாரத்திலும் ஒரு கூத்து. நான்கை இரண்டு முறை போட்டு ஐந்தை விட்டிருந்தேன். கடுகளவு எண், யார் பார்க்கப்போகிறார்கள் என்று அதையும் விட்டுவிட்டேன்.

நான்காம் மாதம் அலுவலகத்துக்கு ஒரு உறை வந்தது. உள்ளே இரண்டு புகைப்படங்கள். அனுப்பியவர் அந்த விமான நிலையத்தில் துப்புரவு மேற்பார்வையாளர். முதல் படம் திறப்பு நாளன்று எடுத்தது, பலகையில் எஃகு எழுத்தில் 'சோதனை' என்று ஒழுங்காக இருந்தது. இரண்டாவது போன வாரம் எடுத்தது. அதில் 'சோதணை'. மூன்று சுழியும் அதே எஃகில், அதே பளபளப்பில். பக்கத்தில் கடிகாரம், அதில் இரண்டு நான்கு. பின்பக்கம் பென்சிலில் ஒரு வரி எழுதியிருந்தார். யாரும் ஏணி வைக்கவில்லை, நான் தினமும் அங்கேதான் நிற்கிறேன் என்று.

பயந்துபோனேன். கூரை ஒழுகும் என்று எவனும் ஊகிப்பான். ஆனால் அந்தப் பிழைகள் என்னுடையவை, உலகத்தில் வேறு யாருக்கும் சொந்தமில்லாதவை. அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், பயத்துக்குப் பின்னாலேயே ஒரு தலைக்கனமும் வந்தது. அவ்வளவு பெரிய கட்டடம் என் பேனா சொன்னபடி கேட்கிறதே. படங்களை மேசை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினேன். மறுநாளும் கூரையில் நாலு சொட்டு போட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை மைத்துனன் ஊருக்கு வருவதாக இருந்தது. பகல் இரண்டு மணிக்கு விமானம். மனைவி பன்னிரண்டு மணிக்கே போய் வெளியே கம்பி ஓரம் நின்றுவிட்டாள். எனக்கு வேலை இருந்தது, அதாவது அவனையே இன்னொரு முறை வரைகிற வேலை. மூன்றரைக்கு அவள் போன் செய்தாள். விமானத்தில் வந்த எல்லோரும் வெளியே வந்தாயிற்று, அவனை மட்டும் காணோம். விசாரித்தால், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியாகிவிட்டது, அப்போதே போயிருப்பார் அம்மா என்கிறார்கள். போன் சார்ஜ் இல்லாமல் எங்காவது நிற்பான் என்று சமாதானம் சொல்லி வைத்தேன். வைத்த கையோடு அவனே கூப்பிட்டான்.

"அத்தான், கதவு எங்க இருக்கு?"

எந்தக் கதவு என்று கேட்டேன்.

"வெளிய போற கதவு. பட்டை இருக்கு, தூண் நாலு இருக்கு, நானும் சுத்திச் சுத்தி வரேன். எல்லாம் செவுரா இருக்கு அத்தான்."

யாரையாவது கேட்கச் சொன்னேன்.

"கேட்டேன். எல்லாரும் முதுகக் காட்டிட்டு நிக்கிறாங்க. சுத்திக்கிட்டு முன்னாடி போய்ப் பாத்தேன். அங்கயும் முதுகுதான்."

இணைப்பு அறுந்துபோயிற்று. நான் விளக்குப் பெட்டியைப் போட்டு என் முதல் தாளைப் பார்த்தேன். இடது பக்கம் சுவர், எதிரே சுவர். வலது பக்கம், கதவு வரவேண்டிய இடத்தில், வசனத்துக்கு இடம் வேண்டும் என்று வெள்ளையாக விட்டிருந்தேன். நூற்றுப் பதினோரு கார்ட்டூன், ஒன்றிலும் கதவு இல்லை. அவனைக் கொண்டுபோய் அடைத்தது நான்தான்.

வரைந்தேன். வலது பக்கம் இரட்டைக் கதவு, நன்றாகத் திறந்த கதவு. மேலே 'வெளியே' என்று பலகை. அதில் எந்தச் சுழிக்கும் வேலையில்லை, இருந்தாலும் எழுத்துக்கூட்டி மூன்று முறை படித்தேன். கடிகாரத்தில் ஐந்தை வைத்தேன், பலகையில் ஒரு சுழியைக் குறைத்தேன். கதவின் வழியாகப் பெட்டியண்ணன் வெளியே போகிறான், கையில் பெட்டியோடு. ஆசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றார். கீழே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: 'நாலு மாசமா கதவு இருக்குன்னு யாரும் சொல்லவே இல்லையே!' அவர் லேசாகச் சிரித்தார். தாள் அச்சுக்குப் போயிற்று.

மாலையில் மனைவி தனியாகத் திரும்பி வந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், புகைப்படங்களைக் காட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாசல் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

விடிந்து ஆறரைக்குப் பேப்பர் வந்து விழுந்தது. ஏழு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. அவள்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் கட்டம் போட்ட சட்டை, இடது தோளில் பை, கையில் பெட்டி. தெருவைப் பார்த்தபடி நின்றான்.

"வந்துட்டேன்க்கா" என்றான். அதே குரல்தான்.

"திரும்புடா."

"திரும்பித்தான்க்கா நிக்கிறேன்."

அவள் படி இறங்கி அவனைச் சுற்றி முன்னால் போனாள். அங்கே உச்சி வழுக்கையும் பையின் பட்டையும் தெரிந்தன. நான் மறுபக்கம் போனேன், எனக்கும் அதுவேதான். அவசரத்தில் கதவை வரைந்தேன், பெட்டியை வரைந்தேன். ஆளை மட்டும் பழைய தாளிலிருந்து அப்படியே முதுகாக எடுத்துவிட்டேன். என் மனைவி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எந்தப் பக்கம் கட்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

உள்ளே கூட்டி வந்து உட்காரவைத்தோம். காபி கொடுத்தாள். குடிக்கிற சத்தம் கேட்டது, டம்ளர் காலியாயிற்று. ஊர்க்கதையெல்லாம் கேட்டான். கண்ணாடியில் பார்த்தாயா என்று நான் கேட்டதற்கு, வழியில் ஒரு கடைக் கண்ணாடியில் பார்த்ததாகவும் இனிமேல் பார்க்கப்போவதில்லை என்றும் மெதுவாகச் சொன்னான்.

சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தேன். மாலை ஆறு மணிக்குள் ஒரு முகம் அச்சுக்குப் போக வேண்டும். அவன் முகத்தை நினைவிலிருந்து எடுக்கப் பார்த்தேன், சட்டைதான் வந்தது. பதினைந்து வருட உறவு. நையாண்டி செய்திருக்கிறேனே தவிர, ஒரு நாளும் அவனை உற்றுப் பார்த்ததில்லை. ஆல்பத்தைக் கொண்டுவந்து புரட்டினோம். ஒவ்வொரு படத்திலும் அவன் முதுகு. கல்யாணப் படத்தில்கூட எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவன் மட்டும் திரையைப் பார்த்து நின்றான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். இடது புருவத்தில் ஒரு வெட்டு, ஏழு வயதில் விழுந்தது. மேலுதடு கொஞ்சம் தூக்கல். சின்ன மூக்கு, அப்பாவுடையது. நான் வரைந்தேன். அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"பெருசாக்காதீங்க" என்றாள்.

அழித்துவிட்டு மறுபடி போட்டேன். முப்பது வருடமாக மூக்கைப் பெரிதாக்கியே பழகிய கை. புருவத்தைச் சரியாகப் போட்டால் உதடு கோணுகிறது, உதட்டைப் பிடித்தால் காது விரிகிறது. கேலி இல்லாமல் ஒரு கோடு இழுக்க இந்தக் கைக்குத் தெரியவில்லை. நான்காவது தாளைக் கசக்கிப் போட்டபோது அவள் கசக்கியதைப் பிரித்துப் பார்த்தாள், மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பொத்தி அழுதாள்.

"விடுங்க அத்தான், மூக்கு எப்படி இருந்தாலும் பரவால்ல" என்றான் அவன், சுவரைப் பார்த்தபடி. "ஆனா ஊரே சிரிக்கிற மாதிரி வேணாம்."

மணி ஐந்தே கால். ஐந்தாவது தாளை எடுத்தேன். மூக்கு மறுபடியும் பெரிதாகத்தான் வந்தது.