மாமனாருக்குக் கட்டிவிட்ட துணி

எங்கள் ஊர்ப் பொசிபோரியின் வீட்டு வாசலில் கூட்டம் என்று கேட்டதும் தேயிலைக் கூடையை முதுகில் சுமந்தபடியே ஓடினேன். என் மாமனார் ஒம்பாத்தி அங்கே ஒட்டுத்துணி இல்லாமல் நின்றார். கையில் அரிவாள். கால்சட்டை வேலியில் தொங்கியது. மூத்திரத்தில் நனைந்ததை அவிழ்த்துப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் காய்ச்சலில் குழந்தை கிடக்கும் வீட்டு வாசலில் அம்மணமாக நிற்கும் கிழவனை கென்யாவில் எங்கள் கீசி மலையில் யாரும் நோயாளி என்று சொல்லமாட்டார்கள்.

"சூனியக்காரன்! எம்புள்ளைய முடிக்க வந்திருக்கான்!" பொசிபோரி அலறினாள்.

அவள் கொழுந்தன் மகோரி மண்ணெண்ணெய் கேனோடு வந்தான். போன வருஷம் பக்கத்து ஊரில் ஒரு கிழவியை வீட்டோடு கொளுத்தியிருந்தார்கள்.

"மகோரி, அவருக்கு மூளையில வியாதி. ஆஸ்பத்திரில சொன்னாங்க."

"வியாதிக்காரனுக்கு இந்த வாசல்தான் கெடைச்சுதா, கெமுண்டோ? எங்க, கையப் புடிச்சு இழுத்துட்டுப் போ பாப்போம்!"

முடியாது என்று தெரிந்துதான் கேட்டான், பாவி. எங்களில் மருமகள் மாமனாரைத் தொடக்கூடாது. அவர் படுக்கும் அறையை எட்டிப்பார்க்கவும் கூடாது. களியைக்கூட மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். குளிப்பாட்டி உடுத்திவிடுவது என் கணவரின் தம்பி. அவன் சந்தைக்குப் போயிருந்தான். கணவர் நைரோபியில்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மாமா, வீட்டுக்கு வாங்க" என்றேன்.

பதற்றத்தில் செய்த தப்பு. இன்னும் வேலையில் இருப்பதாகவே நினைப்பவர்; வீடு என்றாலே அவருக்கு ஆகாது.

"வேலை நேரத்துல என்ன வீடு? கிட்ட வந்தா வெட்டிருவேன்!"

அரிவாளை வீசினார். கூட்டம் பின்வாங்கியது. மகோரி கேன் மூடியைத் திருகினான்.

அவர் காலமெல்லாம் தேயிலை நிலையத்தில் கிளார்க்காகக் கொழுந்து எடைபோட்டவர். கூடையை அவர் முன்னால் இறக்கினேன்.

"கிளார்க் ஐயா, எவ்வளவு நேரமா நிக்கிறேன்? கொழுந்து வாடுது. எடை போடுவீங்களா, மாட்டீங்களா?"

"வரிசைல வரத் தெரியாதா?" சிடுசிடுத்தார். ஆனால் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இலையை அள்ளிப் பார்த்தார். "பாதி முத்தல். யாரை ஏமாத்துற?"

அரிவாளைக் காலால் தள்ளினேன். பாவாடைக்கு மேல் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவர் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டேன். பெண்கள் "ஐயோ" என்று முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கொளுத்துறதா இருந்தா ரெண்டு பேரையும் சேத்துக் கொளுத்து!"

மகோரி பொசிபோரியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வழிவிட்டார்கள்.

"வாங்க ஐயா, தராசு அந்தப் பக்கம் இருக்கு" என்று நடத்திக்கொண்டு போனேன். பாதி வழியில் அவர் கையை உருவப் பார்த்தார்.

"விடும்மா. எம் மருமக கெமுண்டோ பாத்தா என்ன நெனைப்பா? அவ முன்னால ஒரு பொத்தான்கூடத் தொறந்து நின்னதில்ல நான்."

"அவ பாக்கமாட்டா, வாங்க" என்றேன். கையை விடவில்லை.